பங்குக்குருவின் ஓய்வும் மொழிபெயர்ப்பும்: வில்லியம் மோர்கனின் வெல்ஷ் திருமறை

முன்னுரை

சமயப் பணியாளர் தம் அன்றாடக் கடமைகளினின்றும் சிலகாலம் விலகி, ஓய்விலும் உள்ளாய்விலும் கழிக்கும் வழக்கம் இன்று பல திருச்சபைகளில் முறையான விடுப்பாகவே அமைந்துள்ளது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் அவ்விடுப்பின் பெயர், ஓய்வுநாளைக் குறிக்கும் எபிரேயச் சொல்லினின்றும் தோன்றியது. பதினாறாம் நூற்றாண்டில் இத்தகைய விடுப்பு விதி ஏதும் இல்லை. எனினும் வேல்ஸ் நாட்டின் மலைப்பங்கு ஒன்றில் பணியாற்றிய வில்லியம் மோர்கன் என்னும் குரு, ஓராண்டுக் காலம் தம் பங்கை விட்டு நீங்கி இலண்டனில் தங்கினார். அவ்வாண்டின் இறுதியில், 1588இல், வெல்ஷ் மொழியின் முதல் முழுத் திருமறை வெளிவந்தது.

இந்நிகழ்வை விளக்குவோர் பெரும்பாலும் இரண்டு வகையில் விளக்குவர். அமைதி சூழ்ந்த சிற்றூர்க் குருமனையில் அறிஞர் ஒருவர் தனித்திருந்து ஆற்றிய பணி என்பது ஒன்று. அரசின் சட்டமும் பேராயரின் ஆதரவும் தந்த பயன் என்பது மற்றொன்று. பங்குவாழ்வு மோர்கனுக்குச் செவியைத் தந்தது. பங்கினின்றும் பெற்ற ஓய்வு அவருக்குக் காலத்தைத் தந்தது. இவ்விரண்டுள் ஒன்று குறைந்திருப்பினும் அந்நூல் இன்றுள்ள வடிவில் அமைந்திராது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சொற்களும் பணியும்

முதற்கண் சில கலைச்சொற்களை நோக்குதல் தகும். ஆங்கிலத் திருச்சபையில் 'விகார்' எனப்படும் குருவின் பெயர், பதிலாள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. ஒரு பங்கின் பத்திலொரு பாகக் காணிக்கை முழுவதையும் பெறும் உரிமையுடையவர் 'ரெக்டர்' ஆவார். அவ்வுரிமை வேறொருவரிடமோ ஒரு நிறுவனத்திடமோ இருக்க, அவருக்குப் பதிலாகப் பணியாற்றிச் சிறு காணிக்கைகளைப் பெறுபவர் விகார் ஆவார். வெல்ஷ் மொழியில் பங்கைக் குறிக்கும் 'ப்லூய்வ்' என்னும் சொல், பொதுமக்கள் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் திரிபு. தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் 'பங்கு' என்பது பகுதியையும், தென்னிந்தியத் திருச்சபையார் வழங்கும் 'சேகரம்' என்பது திரட்டலையும் உணர்த்துகின்றன. ஒரே அமைப்பை ஒரு மொழி மக்களாகவும், மற்றொரு மொழி நிலப்பகுதியாகவும், பிறிதொரு வழக்கு கூட்டமாகவும் கண்டிருப்பது மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கது.

அக்காலப் பங்குக்குருவின் பணி பெரிதும் வாய்விட்டு வாசிக்கும் பணியாகவே இருந்தது. பொது வழிபாட்டு நூல் வகுத்த முறைப்படி, காலையும் மாலையும் மறைப்பகுதிகள் வாசிக்கப்படல் வேண்டும். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி ஆண்டுக்கு ஒருமுறையும், திருவெளிப்பாடு நீங்கலான புதிய ஏற்பாடு ஆண்டுக்கு மூன்று முறையும், திருப்பாடல்கள் திங்களுக்கு ஒருமுறையும் வாசித்து முடிக்கப்படும். இவற்றோடு திருமுழுக்கு, திருமணம், நல்லடக்கம் ஆகியவற்றை நடத்துவதும், 1538 முதல் கட்டாயமாக்கப்பட்ட பதிவேடுகளில் அவற்றை எழுதிவைப்பதும் குருவின் கடமைகளாயின. கேட்போருள் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். ஆதலின் அவர்களுக்குத் திருமறை என்பது கேட்கப்படும் நூலே. குருவின் குரலே அவர்கள் அறிந்த நூல்வடிவம்.

சட்டமும் அதன் உட்கிடையும்

1536ஆம் ஆண்டுச் சட்டம் வேல்சை இங்கிலாந்துடன் இணைத்து, நீதிமன்றங்களின் மொழியாக ஆங்கிலத்தை நிறுவியது. 1549இல் ஆங்கில வழிபாட்டு நூல் வேல்சிலும் கட்டாயமாக்கப்பட்டது. மக்கட்கு விளங்காத இலத்தீனுக்கு மாற்றாக அவர்கட்கு விளங்காத ஆங்கிலம் வந்தது. இந்நிலையில் 1563இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, வேல்சின் நான்கு ஆயர்களும் ஹெரிஃபோர்டு ஆயரும் இணைந்து, 1567 மார்ச்சு முதல் நாளுக்குள் திருமறையையும் வழிபாட்டு நூலையும் வெல்ஷ் மொழியில் ஆக்கித்தர வேண்டுமென்றும், தவறின் ஒவ்வொருவரும் 40 பவுன் தண்டம் செலுத்த வேண்டுமென்றும் விதித்தது.

அச்சட்டத்தின் மற்றொரு விதி ஈண்டு நோக்கத்தக்கது. ஒவ்வொரு கோவிலிலும் வெல்ஷ் நூலுக்கு அருகில் ஆங்கில நூலும் வைக்கப்படல் வேண்டும். மக்கள் இரண்டையும் ஒப்பிட்டு நோக்கி ஆங்கிலம் கற்றல் வேண்டும். சட்டம் இயற்றியோர்க்கு வெல்ஷ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்திற்குச் செல்லும் படிக்கட்டே. பிற்கால விளைவோ அவர்கள் எண்ணியதற்கு மாறாக அமைந்தது.

1567ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு

சட்டம் குறித்த ஆண்டில் வழிபாட்டு நூலும் புதிய ஏற்பாடும் மட்டும் வெளிவந்தன. வில்லியம் சால்ஸ்பரி என்னும் அறிஞர் பெரும்பகுதியைச் செய்தார். ஆயர் ரிச்சர்ட் டேவிசும், தாமஸ் ஹூவெட்டும் சில பகுதிகளைச் செய்தனர். சால்ஸ்பரியின் புலமை ஐயத்திற்கு இடமற்றது. மூலத்தை அவர் நுட்பமாக உணர்ந்திருந்தார். இடர்ப்பாடு எழுத்துமுறையில் எழுந்தது.

வெல்ஷ் மொழியில் சொல்லின் முதலெழுத்து, முன்வரும் சொல்லுக்கும் இலக்கண உறவுக்கும் ஏற்பத் திரியும். தந்தையைக் குறிக்கும் 'டாட்' என்னும் சொல், 'என்' என்று பொருள்படும் சொல்லை அடுத்து வருங்கால் மூச்சொலியோடு கூடி 'நாட்' என ஒலிக்கும்; தலையைக் குறிக்கும் 'பென்' அவ்வாறே 'மென்' என ஒலிக்கும். நம் இலக்கணிகளின் சொல்லாற் கூறின், வல்லினம் மெல்லினமாகத் திரிகிறது எனலாம். தமிழில் 'மரங்கள்' என்பதில் வருஞ்சொல்லின் வல்லினம் நிலைத்து நிற்க, நிலைமொழியின் மெல்லினம் அதற்கு இனமாகிறது. வெல்ஷில் வருஞ்சொல்லின் முதலே மாறுகிறது. சால்ஸ்பரி இத்தகைய மெல்லினத் திரிபைப் பல இடங்களில் எழுத்திற் காட்டாது, திரியாத வடிவையே எழுதினார். மேலும், இலத்தீனோடு உறவு தோன்றும்படி சொற்களுக்கு எழுத்துக்கூட்டினார். கோவிலைக் குறிக்கும் 'எக்லுய்ஸ்' என்பதை 'எக்ளெஸ்' என்றும், மக்களைக் குறிக்கும் 'போப்ல்' என்பதை 'போபுல்' என்றும் அவர் எழுதியமை இதற்குச் சான்று.

தம் மொழியின் தொன்மையையும் பெருமையையும் கற்றோர்க்கு உணர்த்துவதே அவர் நோக்கம். கண்ணுக்கு அது விருந்தாகலாம். ஆயின் மேடையில் நின்று ஒலிக்கப் புகும் குருவுக்கு அது இடர். எழுதியவாறே வாசிப்பின் கேட்போர்க்கு விளங்காது. விளங்க வாசிப்பின் ஒவ்வொரு தொடரிலும் எழுத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். உண்மையான வெல்ஷ்காரரின் செவி அந்நூலைப் பொறாது என்ற கருத்தில் மாரிஸ் கிஃபின் 1595இல் எழுதினார். குறை செவியின்பாற்பட்டது என்பதை அவர் கூற்றே காட்டுகிறது.

பங்கில் பத்தாண்டு

மோர்கன் 1545 அளவில் வடவேல்சின் பென்மாக்னோ பகுதியில் குடியானவர் குடும்பத்திற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் தூய யோவான் கல்லூரியில் எபிரேயமும் கிரேக்கமும் பயின்றார். 1578இல் லான்ரையாடர் அம் மோக்நன்ட் என்னும் பங்கின் விகாராக அமர்த்தப்பெற்றார். 'ரையாடர்' என்பது அருவி. அவ்வூருக்கு மேலே ஏறக்குறைய 73 மீட்டர் உயரத்தினின்றும் வீழும் அருவி ஒன்று உண்டு. இவ்வியற்கைச் சூழலே அமைதியான குருமனை என்னும் கற்பனைக்கு வித்திட்டது போலும்.

ஆவணங்கள் தரும் காட்சி வேறு. அப்பங்கின் செல்வாக்குமிக்க நிலக்கிழார் ஒருவரோடு மோர்கனுக்கு நெடும்பகை மூண்டது. திருமண ஏற்பாடு ஒன்றில் குருவுக்கு இருந்த தொடர்பு அப்பகைக்குக் காரணமாயிற்று. வழக்கு 'ஸ்டார் சேம்பர்' எனப்பட்ட அரச நீதிமன்றம் வரை சென்றது. குரு தம் அங்கிக்குள் கைத்துப்பாக்கி மறைத்துக்கொண்டு கோவிலுக்கு வந்தார் என்பதும் சாற்றப்பட்ட குற்றங்களுள் ஒன்று. எதிரிகளின் கூற்றை முழுமையாக ஏற்கவேண்டுவதில்லை. எனினும் பழைய ஏற்பாட்டின் பக்கங்கள் அச்சமும் சினமும் நிறைந்த நாட்களினிடையே எழுதப்பட்டன என்பதில் ஐயமில்லை.

அவருடைய பொருள்நிலையையும் மறைத்தற்கில்லை. லான்வில்லின் முதலிய வேறு பங்குகளின் வருவாயும் அவருக்குக் கிடைத்து வந்தது. ஒரே குரு பல பங்குகளின் பயனை நுகர்வது அக்காலத்தில் பரவலாகக் கண்டிக்கப்பட்ட வழக்கம். அறிஞர் ஒருவரின் ஓய்வுக்கான செலவை, அவரை நாள்தோறும் காணாத உழவர்களே தம் விளைச்சலிற் பத்திலொரு பங்கால் தாங்கினர்.

ஆயின் இப்பத்தாண்டு மொழிபெயர்ப்புக்குத் தடையாக மட்டும் இருந்தது என்று கொள்ளல் பொருந்தாது. 1567ஆம் ஆண்டு நூல்களை மக்கள் முன் வாசிக்கவேண்டிய நிலையில் இருந்த குரு, எந்தத் தொடர் நாவில் தடைப்படுகிறது, எந்தச் சொல் கேட்போர் முகத்தில் வினாவாகிறது என்பதைக் கண்டிருத்தல் இயல்பு. மோர்கன் சால்ஸ்பரியின் புதிய ஏற்பாட்டைப் புறக்கணிக்கவில்லை. அதனைப் பெரிதும் தழுவிக்கொண்டு, எழுத்துமுறையை ஒலிக்கு இணக்கினார். வழக்கிறந்த வடிவங்களை நீக்கினார். மெல்லினத் திரிபுகளை ஒலித்தவாறே எழுதினார். இத்திருத்தங்கள் அனைத்தும் வாசிப்பவரின் திருத்தங்களே.

அதற்காக, அவர் பேச்சுமொழியை அப்படியே எழுதினார் எனல் தவறு. பாணர் மரபு காத்துவந்த செவ்விய இலக்கியமொழியே அவருக்கு அடிப்படை. வெல்ஷ் வினைமுதற்றொடர் மொழியாயினும், அவர் நூலில் எழுவாய் முன்னிற்கும் தொடர்கள் மிகுதி. இஃது இடைக்கால உரைநடையின் தொடர்ச்சி. வடக்கிற்கும் தெற்கிற்கும் பொதுவான, எவர் பேச்சும் அல்லாத, ஆயின் எவருக்கும் விளங்குகின்ற ஒரு நடை இவ்வாறு உருவாயிற்று.

இலண்டனில் ஓராண்டு

மோர்கன் அரசிக்கு எழுதிய இலத்தீன் முன்னுரையில், பணியின் கடுமையாலும் செலவாலும் தாம் தளர்ந்து, திருமறையின் முதல் ஐந்து நூல்களோடு நிறுத்திவிட எண்ணியதாகக் கூறுகிறார். பேராயர் ஜான் விட்கிஃப்ட் தந்த ஊக்கமே அவரைத் தொடரச் செய்தது. அச்சுத்தொழில் இலண்டனில் இருந்தது. அச்சுக்கோப்போர் வெல்ஷ் அறியாதவர். எனவே ஆசிரியர் அருகிருந்து மெய்ப்புப் பார்த்தல் இன்றியமையாததாயிற்று. 1587இல் அவர் இலண்டன் சென்றார். பேராயர் தம் இல்லத்தில் இடந்தர முன்வந்தும், அவ்வில்லத்திற்கும் அச்சகத்திற்கும் இடையே தேம்சு ஆறு குறுக்கிட்டமையால், வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துத் தலைமைக் குருவாகிய கேப்ரியல் குட்மனின் இல்லத்தில் தங்கினார். குட்மன் வேல்சின் ரிதின் ஊரினர்.

இவ்வோராண்டை ஓய்வு எனலாமா? மெய்ப்புத் திருத்தும் உழைப்பு ஓய்வாகாது. ஆயின் வழக்கும் பகையும், திருமுழுக்கும் அடக்கமும், காணிக்கைக் கணக்கும் அங்கில்லை. தாம் எழுதியதைத் தாமே அயலார்போல் மீண்டும் படிக்கும் வாய்ப்பு அங்கிருந்தது. கூடியிருந்து கேட்கவும் ஐயம் எழுப்பவும் தாய்மொழி அறிந்த நண்பர் ஒருவர் இருந்தார். வேலையற்றிருப்பது ஓய்வன்று, வேறு வேலைகளினின்றும் விடுதலை பெறுவதே ஓய்வு என்னும் பொருளில் அவ்வாண்டை ஓய்வென்றே கொள்ளலாம்.

அம்முன்னுரையில் மற்றொரு வாதமும் உண்டு. வெல்ஷ் மக்களுக்கு மொழிபெயர்ப்புத் தராது விட்டால் அவர்கள் விரைவில் ஆங்கிலம் கற்பர் என்போர்க்கு, அவர்கள் கற்று முடிக்கும்வரை ஆன்மப்பசியால் மடியவேண்டுமோ என்னும் கருத்தில் மோர்கன் விடையிறுக்கிறார். மொழி ஒருமையினும் சமய ஒருமையே வலிது என்பது அவர் நிலை.

விளைவு

நூல் 1588இல் வெளிவந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் அரசவைக் குழு வேல்சின் பங்குகள் அதனை வாங்குமாறு பணித்தது. மோர்கன் 1595இல் லாண்டாஃப் ஆயராகவும், 1601இல் செயின்ட் ஆசஃப் ஆயராகவும் உயர்ந்து 1604இல் மறைந்தார். அவரிடம் பயின்று உதவிய ஜான் டேவிஸ், மாலூயிட் என்னும் மலைப்பங்கின் ரெக்டராக 1604இல் அமர்ந்தார். 1620ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பின் பெரும்பணி அவருடையது என்பது அறிஞர் துணிபு. 1621இல் வெல்ஷ் இலக்கணத்தையும் 1632இல் அகராதியையும் அவர் வெளியிட்டார். 1630இல் 5 ஷில்லிங் விலையில் சிறு பதிப்பு வந்தபின் நூல் இல்லங்களுக்குள் புகுந்தது. 1731 முதல் லான்டவ்ரோர் பங்கின் ரெக்டராகிய கிரிஃபித் ஜோன்ஸ் நடத்திய சுற்றுப்பள்ளிகள் இந்நூலைக் கொண்டே ஆயிரக்கணக்கானோர்க்கு எழுத்தறிவித்தன.

திருமறையே வெல்ஷ் மொழியைக் காத்தது என்பர். இக்கூற்றுக்கு வரம்பு வேண்டும். அண்டை மொழியாகிய கார்னிஷ் திருமறை பெறாமல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியளவில் வழக்கொழிந்தது உண்மை. ஆயின் மேன்க்ஸ் மொழிக்கு 1770களில் பங்குக்குருமாரே மொழிபெயர்ப்பைச் செய்து தந்தும், அதன் மரபுவழிப் பேச்சாளருள் இறுதியானவர் 1974இல் மறைந்தார். நூல் மட்டும் மொழியைக் காப்பதில்லை. அதனைத் தொடர்ந்து வாசிக்கும் அமைப்பும், வாசிக்கக் கற்பிக்கும் பள்ளியும், பேசும் மக்கட்பரப்பும் உடனிருத்தல் வேண்டும். 2021ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் வேல்சில் ஏறக்குறைய 5,38,000 பேர், அதாவது 17.8 விழுக்காட்டினர், வெல்ஷ் பேசத்தெரிந்தோராகப் பதிவு செய்துள்ளனர்.

முடிவுரை

மோர்கன் தம் பங்கிலேயே இருந்திருந்தால் கையெழுத்துப் படி ஒன்று குருமனையில் எஞ்சியிருக்கலாம். கல்லூரியை விட்டு நீங்காதிருந்தால் மற்றுமொரு சால்ஸ்பரி தோன்றியிருக்கலாம். மக்களிடையே வாழ்ந்து செவியைப் பயிற்றியபின் அவர்களினின்றும் சிலகாலம் விலகி நின்றமையே அவர் நூலின் நடைக்குக் காரணமாயிற்று. இன்று மொழிபெயர்ப்புத் திட்டங்கள் வகுப்போர் சொற்பட்டியல், காலவரையறை, பக்கக் கணக்கு ஆகியவற்றை எண்ணுகின்றனர். மொழிபெயர்ப்பாளர் எவர்முன் வாய்விட்டு வாசிப்பார், எழுதியதை மீண்டும் படிக்க அவருக்கு எத்தனை திங்கள் விடுதலை உண்டு என்பவற்றையும் அத்திட்டத்தில் சேர்த்து எண்ணுதல் நலம். அவ்விரண்டிற்கும் இடமளிக்காத திட்டத்தில் பக்கங்கள் நிறையலாம். நாவில் தங்கும் நடை அமைதல் அரிது.