வம்சத்தில் வருவதும் வளரும் இடத்தில் வருவதும்

தோட்டத்துப் பையன் ஒருவன் தனக்குத்தானே பேசத் தொடங்கினால், காதுக்குள் யாரோ திட்டுகிறார்கள் என்று இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருந்தால், லயத்தில் இரண்டு பேச்சு எழும். “அவன் தாய்மாமனும் இப்படித்தான், வம்சத்தில் இருக்கு” என்பார்கள் சிலர். “சேர்க்கை சரியில்லை, கஞ்சா இழுத்துக் கெட்டான்” என்பார்கள் வேறு சிலர். செய்வினை என்ற மூன்றாவது பேச்சு, சிகிச்சைக்கு உரிய மாதங்களைப் பூசாரி வாசலிலேயே கரைத்துவிடும். மனச்சிதைவு நோயைப் பொறுத்தவரை முதல் இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டின் எடையும் ஒன்றல்ல.

வம்சத்தின் எடைதான் பெரிது. பொதுவாக நூற்றுக்கு ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோ வரும் இந்நோய், தாய்க்கோ தகப்பனுக்கோ இருந்தால் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்கு வருகிறது. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால், மற்றவருக்கு வரும் வாய்ப்பு பாதியை நெருங்குகிறது. ஒற்றை மரபணுவின் வேலையன்று இது. 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த பெரிய ஆய்வு, மரபுத்தொகுதியில் 287 இடங்களுக்கு இதில் பங்குண்டு என்று காட்டியது. நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு 2019-இல் வந்தது. 1984-இல் டாக்டர் சாரதா மேனன் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தென்னிந்தியக் குடும்பங்களை ஆராய்ந்தது. நியாசின் என்ற வைட்டமினை உடல் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு மரபணுவுக்கு அது இட்டுச் சென்றது.

நூற்றுக்குப் பத்து என்ற அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். தாய்க்கோ தகப்பனுக்கோ நோய் இருந்தும் நூற்றில் சுமார் தொண்ணூறு பிள்ளைகளுக்கு வரவில்லை. ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரிலும் பாதிக்கு மேற்பட்டோர் தப்பிவிடுகிறார்கள். இங்கேதான் சூழலுக்கு இடம் வருகிறது. 1944–45 பஞ்சத்தின்போது நெதர்லாந்தில் கருவில் உருவான பிள்ளைகளிடம் இந்நோய் இரு மடங்காகக் காணப்பட்டது. 1932-இல் ஊதெகார்ட் என்ற மருத்துவர், அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த நார்வேக்காரர்களிடம் இது கூடுதலாக இருப்பதை எழுதினார். 1969–70-இல் சுவீடன் ராணுவத்துக்கு ஆளெடுத்தபோது, ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்த இளைஞர்களுக்குப் பின்னாளில் நோய் ஆறு மடங்கு வந்தது. மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் அது இரு மடங்குக்குக் குறையவில்லை.

குடிபெயர்வும் போதையும் மலாக்காத் தமிழர்களுக்கு அந்நியக் கதைகள் அல்ல. 1896-இல் டான் சாய் யான் என்பவர் இங்கே புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். அந்த ரப்பர்தான் நம் முன்னோரைக் கூட்டம் கூட்டமாகக் கடல் கடத்தியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட, பேரப்பிள்ளைகள் பத்து பெரெண்டாம் தொழிற்சாலைகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் இரண்டாம் முறை குடிபெயர்ந்தார்கள். லயத்தில் பையன் மாறிப்போனால் பத்து வீட்டுக்குத் தெரியும். அடுக்குமாடியில் பூட்டிய கதவுக்குள் அவனோடு சியாபு என்ற போதைப்பொருளும் இருக்கலாம். இல்லாத குரல்களைக் கேட்க வைக்க அது ஒன்றே போதும்.

உறவுக்குள் திருமணம் பற்றியும் கேட்பார்கள். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இந்துக்களுக்கு அக்காள் மகளைக் கட்ட விலக்கு அளித்திருக்கிறது. உறவுக்குள் கட்டினாலே இந்நோய் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் நோயுள்ள ஒரே வம்சம் இரு பக்கமும் சேரும்போது மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

எனக்கு வேதனை தருவது வேறொன்று. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால், பின்னறையில் இருக்கும் சித்தப்பாவை அன்று மட்டும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். மனநல மருத்துவமனை உள்ள ஊரை வைத்துச் சொல்லும் ‘தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம். வம்சத்தை மாற்ற முடியாது, சூழலை ஓரளவு மாற்றலாம். யார் கஞ்சாவை அண்டவே கூடாது, யாருடைய தூக்கமின்மையை உடனே கவனிக்க வேண்டும் என்று வம்சக் கதைதான் சொல்லும். அதை மறைத்தால் இந்த இரண்டு எச்சரிக்கைகளையும் இழக்கிறோம்.

இன்று பேராக்கிலுள்ள தஞ்சோங் ரம்புத்தான் வரை போக வேண்டியதில்லை. மலாக்கா மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்தால், அங்கிருந்து கடிதம் கிடைக்கும். போகும்போது சித்தப்பாவின் கதையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.