நச்சு வேதிப்பொருள்: தகவல் நாடலும் தவிர்த்தலும்

நீரிலோ மண்ணிலோ நச்சு வேதிப்பொருள் கலந்திருக்கக்கூடும் என்று கேள்விப்பட்டதும் சிலர் விவரம் தேடுகிறார்கள். சிலர் அந்தப் பேச்சையே தவிர்க்கிறார்கள். இதை ஆராய்வது இடர்த் தொடர்பியலின் ஒரு பிரிவு. கிரிஃபின், டன்வுடி, நியூவிர்த் ஆகியோர் 1999-இல் முன்வைத்த மாதிரி இதில் பெரிதும் எடுத்தாளப்படுகிறது. தனக்குத் தெரிந்தது போதாது என்ற எண்ணமே தேடலைத் தூண்டுகிறது என்பது அதன் மையக் கருத்து. கவலை, சுற்றத்தாரின் எதிர்பார்ப்பு, தகவல் தருவோர் மீதான நம்பிக்கை ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு.

வங்கதேசத்தின் குழாய்க் கிணறுகள் இதற்குத் தெளிவான சான்று. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, 1970-களில் யூனிசெஃப் உதவியுடன் அங்கே அடிகுழாய்கள் பரவின. அவற்றின் நீரில் ஆர்சனிக் இருப்பது 1993-இல் தெரியவந்தது. நீரில் கலந்த ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உள்ளங்கையில் தோல் தடித்து முடிச்சு விழப் பல ஆண்டுகள் ஆகும். கண்ணுக்குத் தெரியாத இடரை நம்ப மறுப்பது எளிது.

1999-க்குப் பின் சுமார் 50 லட்சம் கிணறுகள் சோதிக்கப்பட்டன. குப்பியில் எடுத்த நீருடன் வினைப்பொருளைக் கலப்பார்கள். எழும் வாயு பட்டு, மூடியில் செருகிய தாள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டினால் குழாய்க்குச் சிவப்பு வண்ணம், இல்லையேல் பச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ வெறும் 10. பச்சை என்றால் முழுப் பாதுகாப்பு என்று கொள்ள முடியாது.

தவிர்ப்பை அறியாமை என்று ஒதுக்குவது தவறு. சொந்த முற்றத்துக் குழாய் ஒரு குடும்பத்தின் பெருமை. அதில் சிவப்பு ஏறினால், பெண்கள் குடத்துடன் அடுத்தவர் வாசலில் நிற்க வேண்டும். தோலில் புள்ளி தெரிந்தால் மகளின் திருமணம் தடைப்படக்கூடும். மாற்று வழி இல்லாதவருக்குச் சோதனை முடிவு வெறும் பாரம்.

வழி இருந்தால் நிலைமை வேறு. வங்கதேசத்தின் அரைஹசார் வட்டாரத்தில் நடந்த ஆய்வில், தம் கிணறு பாதுகாப்பற்றது என்று அறிந்தவர்களில் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் வேறு கிணற்றுக்கு மாறினர். மாறிய குடும்பங்கள் தண்ணீருக்குச் செலவிட்ட நேரம் 15 மடங்கானது. அருகிலேயே பாதுகாப்பான கிணறு இருந்ததும், அதன் உரிமையாளர் மறுக்காததும் அந்த மாற்றத்துக்குத் துணைநின்றன.

அந்தப் பெருஞ்சோதனைக்குப் பின் தனியார் தோண்டிய கிணறுகள் பலவற்றில் எந்த வண்ணமும் இருக்கவில்லை. அவற்றைச் சோதிக்க ஆளைத் தேடுவது வீட்டாரின் பொறுப்பாகவே இருந்தது.