வெண்குஷ்டம் அல்ல, வெண்புள்ளி

1947-ல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். காந்தியின் நிர்மாணத் திட்டமே அதற்கு அடிப்படை. தொழுநோயாளர் தொண்டும் அத்திட்டத்தில் ஒன்று. சேவாகிராமத்தில் பர்ச்சுரே சாஸ்திரி என்ற தொழுநோயாளருக்குக் காந்தி தாமே பணிவிடை செய்தார்.

அக்காலத்தில் தொழுநோயாளர்களை ஊரே ஒதுக்கியது. அந்த நோயே இல்லாத சிலரும் அவர்களோடு சேர்த்து ஒதுக்கப்பட்டார்கள். தோலில் வெள்ளைத் திட்டு விழுந்தவர்களுக்கு 'வெண்குஷ்டம்' என்று பெயர் வைத்ததே காரணம்.

உண்மையில் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. தொழுநோய் கிருமியால் வருவது. 1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். வெண்புள்ளிக்குக் கிருமி கிடையாது. உடலின் எதிர்ப்பு சக்தியே, தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களை அழித்துவிடுகிறது. தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது. தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும், வெண்புள்ளியில் குறையாது.

நம் வைத்தியர்கள் இதற்குக் கார்போக அரிசியைக் கொடுத்து வந்தார்கள். அதிலுள்ள சோரலென் வெயிலோடு சேர்ந்து நிறம் திரும்ப உதவும். அளவு மிஞ்சினால் தோல் வெந்துவிடும். 1940-களில் எகிப்து மருத்துவர் எல் மோஃப்தி இதே வகைப் பொருளை வேறொரு செடியிலிருந்து பெற்றுச் சிகிச்சை அளித்தார். 2022-ல் அமெரிக்கா ருக்சோலிட்டினிப் களிம்பை அனுமதித்தது. ஆனாலும் எல்லோருக்கும் முழுதாகக் குணமாவதில்லை.

தமிழக அரசும் 'வெண்புள்ளிகள்' என்றே குறிப்பிட ஆணையிட்டது. ஆனால் கல்யாணப் பேச்சில் பழைய பெயர் இன்னும் வருகிறது. தொழுநோயாளரையே ஒதுக்கக் கூடாது என்றார் காந்தி. அந்த நோயே இல்லாதவரை ஒதுக்க என்ன நியாயம் இருக்கிறது?