யாரு இந்த மெல்ஃப்?

போன மாசம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் கவின் பத்தாவது படிக்கிறான். பிரிண்ட் எடுத்த காகிதக் கட்டு ஒண்ணு, நண்பன்கிட்ட இரவல் வாங்கின தடிப் புத்தகம் ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விரிச்சு வெச்சு எதையோ ஒப்பிட்டுப் பாத்துட்டு இருந்தான். பரீட்சைக்குப் படிக்கிறான்னு நெனச்சேன். இல்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தோட விதிகள்.

"மாமா, புத்தகத்துல 'மெல்ஃபின் ஆசிட் அம்பு'ன்னு ஒரு மந்திரம் இருக்கு. சும்மா கிடைக்கிற இந்த விதியில அதே மந்திரம், வெறும் 'ஆசிட் அம்பு'. மெல்ஃபைத் தூக்கிட்டாங்க. யாரு இந்த மெல்ஃப்?"

அன்னிக்கு அவன்கிட்ட சொன்னதோட மிச்சம்தான் இந்தப் பதிவு. ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருத்தர் நடுவர் மாதிரி உக்காந்து கதையைச் சொல்லுவார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, பேர் வெச்சு, அந்த ஆளாவே பேசி, பகடை உருட்டி, நிலவறைக்குள்ள போய் பூதங்களோட மல்லுக்கட்டணும்.

இதுக்கெல்லாம் மூலம் போர் விளையாட்டு. 1960களில் அமெரிக்காவுல மேஜை மேல ஈய பொம்மைச் சிப்பாய்களை நிறுத்தி நெப்போலியன் சண்டைகளைத் திரும்ப நடத்திப் பாக்கிற கோஷ்டிகள் நிறைய இருந்தன. அதுல நீங்க ஒரு தளபதி, உங்க கையில ஆயிரம் பேர். ஆனா நீங்க 'யாரும்' இல்லை. 1969-ல் மினியாபொலிஸ் - செயின்ட் பால் பக்கம் டேவிட் வெஸ்லி என்பவர் இதை மாத்தினார். பிரவுன்ஸ்டைன்னு ஒரு கற்பனை ஊர். படை வந்து சேர்றதுக்கு முன்னாடி அந்த ஊர்ல என்ன நடக்குதுன்னு ஆடணும். ஒருத்தர் மேயர், ஒருத்தர் பேங்க் முதலாளி, ஒருத்தர் பல்கலைக்கழகத் தலைவர். வந்தவங்க சண்டையை விட்டுட்டு மூலைக்கு மூலை நின்னு குசுகுசுன்னு பேரம் பேச ஆரம்பிச்சிட்டாங்க. ஆட்டம் கெட்டுப்போச்சுன்னு வெஸ்லி நெனச்சார். வந்தவங்களோ அடுத்தது எப்போன்னு கேட்டாங்க.

அந்தக் கூட்டத்துல ஒருத்தர் டேவ் ஆர்னசன். அவர் 1971 வாக்கில் பிளாக்மூர்னு ஒரு மாயாஜால நாட்டை வெச்சு ஆட்டம் நடத்த ஆரம்பிச்சார். என்னைக் கேட்டா, சொந்தப் பாத்திரம் பிறந்தது இங்கேதான். வெஸ்லி ஆட்டத்துல பாத்திரம் நடுவர் கொடுக்கிறது, ராத்திரியோட முடிஞ்சுடும். பிளாக்மூர்ல உங்க ஆள் செத்துப்போகலைன்னா அடுத்த வாரமும் அவன் இருப்பான். அனுபவம் கூடும், பலம் கூடும், கெட்ட பேரும் கூடும்.

ஒரு உதாரணம் சொல்றேன். டேவிட் ஃபான்ட் என்பவர் ஆடின பாத்திரம் ரத்தக்காட்டேரியா மாறி 'சர் ஃபாங்' ஆயிடுச்சு. யாராலயும் அசைக்க முடியலை. அவரை அடக்க ஒரு ஆள் வேணும்னு மைக் கார் என்பவர் 'பிஷப் கார்' என்ற பாத்திரத்தோட வந்தார். பேய் பிசாசை விரட்டுற பாதிரியார். இன்னிக்கு உலகம் பூரா லட்சக்கணக்கானவங்க 'கிளெரிக்'னு ஒரு வகைப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஆடுறாங்களே, அதோட பூர்வீகம் இதுதான். ஒரு ஆட்டக்காரர் தொல்லை தாங்காம இன்னொரு ஆட்டக்காரர் வந்த கதை :-)

1972 கடைசியில ஆர்னசன், விஸ்கான்சின்ல இருக்கிற லேக் ஜெனீவாங்கிற சின்ன ஊருக்குப் போய் கேரி கைகாக்ஸ் வீட்டுல பிளாக்மூரை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் வேலை போய், வீட்டு நிலவறையில செருப்புத் தைச்சு குடும்பத்தை ஓட்டிட்டு இருந்த நேரம். அவர் உடனே கிரேஹாக்னு ஒரு கோட்டையும் அதுக்குக் கீழ பாதாள அறைகளும் வரைஞ்சார். முதல்ல ஆடினது யார் தெரியுமா? அவரோட சொந்தப் பிள்ளைங்க. மகன் எர்னி, மகள் எலீஸ். எர்னியோட பாத்திரம் டென்சர்னு ஒரு மந்திரவாதி. ஆங்கிலத்துல எர்னஸ்ட் என்ற பேரோட எழுத்துகளைக் கலைச்சுப் போட்டா டென்சர். எலீஸோடது அலிசா. ரெண்டு பேரும் உள்ள போய், எதிர்ப்பட்ட பூச்சி பூரான்களைக் கொன்னு, ஒரு பெட்டியைக் கண்டுபிடிச்சாங்க. உள்ள 3,000 செப்புக் காசு. தூக்க முடியாத கனம். பசங்களுக்கு முகம் தொங்கிப்போச்சு. மணி ஒன்பது, தூங்கப் போயிட்டாங்க. அப்பா தூங்கலை. உக்காந்து ரெண்டாவது தளத்தை வரைய ஆரம்பிச்சார்.

அடுத்த ஆட்டத்துக்கு டான் கே, ராப் குன்ட்ஸ், டெரி குன்ட்ஸ் வந்து சேர்ந்தாங்க. டான் கேக்கு கௌபாய் கதைன்னா உயிர். அவரோட மர்லின்ட் என்ற பாத்திரத்துக்கு இடுப்புல ரெண்டு துப்பாக்கி வேணும்னார். கிரேஹாக்ல வெடிமருந்தே கிடையாது. நண்பனாச்சே, கைகாக்ஸ் ஒரு சந்து கண்டுபிடிச்சார்: அது துப்பாக்கி இல்லை, பெரிய சத்தம் போட்டு சின்னச் சின்னதா எதையோ எறியுற மந்திரக்கோல்! 1973-ல் இந்த ரெண்டு பேரும் சேர்ந்துதான் டி.எஸ்.ஆர். கம்பெனியை ஆரம்பிச்சாங்க. 1974 ஜனவரியில ஆட்டம் ஆயிரம் பிரதிகளோட விற்பனைக்கு வந்தது. அடுத்த வருஷமே டான் கே மாரடைப்புல போயிட்டார். 1983-ல் டிராகன் பத்திரிகையில கிரேஹாக்கோட தெய்வங்களைப் பத்தி எழுதினப்போ கைகாக்ஸ் மர்லின்ட்டையும் ஒரு குட்டித் தெய்வமாச் சேர்த்துக்கிட்டார். நண்பனுக்கு நடுகல் நட்ட மாதிரி.

பேர் வெச்ச விதத்தைப் பாத்தா சிரிப்பா இருக்கும். ஜிம் வார்டைப் பின்னாலிருந்து படிச்சா ட்ராமிஜ். கேரியைத் திருப்பினா யரக். கைகாக்ஸ் மார்டன்கைனன்னு ஒரு மந்திரவாதியை ஆடினார். அவர் வசியம் பண்ணிப் பிடிச்ச எதிரி மந்திரவாதி பிக்பி. அதுக்கப்புறம் மார்டன்கைனனோட கூட்டாளிக்கெல்லாம் அதே சத்தத்துல ரிக்பி, டிக்பி, ஜிக்பின்னு பேர் வெச்சாங்க. பிரையன் புளூம் ஒரு மந்திரவாதிக்கு ரேரின்னு வெச்சார். அந்த ஆட்டத்துல மந்திரவாதிகளோட படிநிலைக்குப் பட்டங்கள் உண்டு, அதுல ஒண்ணு மீடியம். அப்ப 'மீடியம் ரேரி' ஆயிடலாம்ல? அரைவேக்காட்டு மாட்டிறைச்சி ஜோக். அதுக்காகவே ஒரு பாத்திரம்.

மெல்ஃப்? கைகாக்ஸோட இன்னொரு மகன், சின்னப் பையன் லூக். ஆடினது ஒரு எல்ஃப், அதாவது வனதேவதை இனம். பாத்திரத்துக்குப் பேர் என்னன்னு தோணலை. தாள்ல ஆண் என்பதுக்கு 'எம்', இனம் 'எல்ஃப்'. சேர்த்துப் படிச்சுட்டாங்க. அவ்ளோதான்.

1978-ல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் கைகாக்ஸ் மந்திரங்களுக்கு இந்தப் பேர்களை வெச்சார். டென்சரோட மிதக்கும் தட்டு, பிக்பியோட கை, ரேரியோட ஞாபகசக்தி மந்திரம்னு. மெல்ஃபோட அம்பு பிற்பாடு வந்தது. வீட்டு மேஜையில பிறந்த பேர்கள் அச்சுக்குப் போனது அப்படித்தான். அச்சுக்குப் போனதும் அது கம்பெனி சொத்து. அந்த நேரத்துல யாரும் அதை யோசிச்சிருக்க மாட்டாங்க. (ஆர்னசன் மட்டும் முன்னாடியே சூடு பட்டவர். தனக்குச் சேரவேண்டிய பங்குக்காக 1979-ல் டி.எஸ்.ஆர். மேல வழக்குப் போட்டு, 1981-ல் சமரசம் ஆச்சு.)

1985 அக்டோபர்ல கம்பெனி கைகாக்ஸ் கையை விட்டுப் போச்சு. அவர் வெளியேறினப்போ ஏற்பட்ட ஒப்பந்தம் இருக்கே, நான் இந்தச் சரித்திரத்துல திரும்பத் திரும்பப் படிச்ச இடம் அதுதான். தன் சொந்தப் பேரை வெச்சு விளையாடின யரக், ஜாகிக் மாதிரி பாத்திரங்களும், தன் நாவல் நாயகன் கார்டும் அவருக்கு. கிரேஹாக் உலகம், மார்டன்கைனன், ராபிலார், டென்சர் எல்லாம் கம்பெனிக்கு. பெத்த மகன் பேரைக் கலைச்சுப் போட்டு வெச்ச பேர் அப்பனுக்கு இல்லை!

கோபம் ரெண்டு பக்கமும் இருந்துச்சு. 1988-ல் கைகாக்ஸ் தன் கடைசி கார்ட் நாவல்ல, கிரேஹாக் இருக்கிற அந்த உலகத்தையே அழிச்சுட்டார். அதே வருஷம் டி.எஸ்.ஆர். கிரேஹாக் கோட்டையைக் கேலிக்கூத்தா ஆக்கி ஒரு சாகசப் புத்தகம் போட்டது. முன்னதை என்னால புரிஞ்சுக்க முடியுது. பின்னது அற்பத்தனம்னுதான் சொல்வேன்.

இதைவிட எனக்கு உறுத்தினது 1992. கைகாக்ஸோட ஆட்டத்துல 'எட்டுப் பேர் வட்டம்'னு ஒண்ணு உண்டு, பெரும்பாலும் அவரே ஆடின பாத்திரங்கள். கம்பெனி அதைக் கலைச்சுட்டு, மந்திரங்கள்ல பேர் வந்த ஆளுங்களை வெச்சு ஒரு மந்திரவாதி சபை ஆக்கியிருந்தது. 1992-ல் வந்த கதையில அந்தச் சபைக்குள்ள ஒருத்தன் துரோகி ஆகி, டென்சரையும் ஆட்டிலூக்கையும் கொன்னுடுறான். யார் அந்தத் துரோகி? ரேரி. மீடியம் ரேரி ஜோக்குக்காகப் பிறந்த அதே ரேரி! அவனுக்குக் கூட்டாளி ராபிலார். ராப் குன்ட்ஸ் ஆடின பாத்திரம், கிரேஹாக் பாதாளத்தோட கடைசித் தளத்தைத் தனியா முதல்ல தொட்டவன்.

செப்புக் காசுப் பெட்டியைத் தூக்க முடியாம படுக்கப் போன பையனோட பாத்திரத்தை, இருபது வருஷம் கழிச்சு, அவன் வீட்டுப் பக்கமே வராத யாரோ எழுதிக் கொன்னுட்டாங்க. சட்டப்படி யாரையும் கேட்கவேண்டியதில்லை. கதை விறுவிறுப்பாவும் இருந்திருக்கலாம். நானும் கதை எழுதுறவன்தான், பாத்திரத்தைச் சாகடிக்கிறது சகஜம். ஆனா என் பாத்திரத்தை நான் சாகடிக்கிறதுக்கும், அடுத்த வீட்டுக்காரர் சாகடிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கில்லையா?

1997-ல் டி.எஸ்.ஆரை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கிடுச்சு. 1998-ல் டென்சரைத் திரும்பக் கொண்டுவந்தாங்க. 2007-ல் வந்த ஒரு புத்தகத்துல, துரோகம் பண்ணினது ராபிலாரே இல்லை, வேற உலகத்துலேர்ந்து வந்த பிலாரோன்னு ஒரு நகல்னு சொல்லிப் பழியைத் துடைச்சாங்க. நம்ம மெகா சீரியல்ல செத்தவர் திரும்பி வர்ற கணக்குதான். ஆனாலும் இதை எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு.

விசர்ட்ஸ் 2000-ல் விதிகளோட ஒரு பகுதியை, யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்னு வெளியிட்டது. 2023 ஜனவரியில இன்னும் தாராளமா கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல வெளியிட்டது. மந்திரங்கள் இலவசம், பேர்கள் இலவசம் இல்லை. மெல்ஃபின் ஆசிட் அம்பு வெறும் ஆசிட் அம்பா, டென்சரின் மிதக்கும் தட்டு வெறும் மிதக்கும் தட்டா ஆனது அதனாலதான். மார்டன்கைனன் பேர்ல 2018-லயும், பிக்பி பேர்ல 2023-லயும் கம்பெனி புத்தகமே போட்டிருக்கு. பேருக்கு அவ்வளவு மதிப்பு.

இவ்வளவையும் கேட்டுட்டு கவின் தன்னோட பாத்திரத் தாளை எடுத்தான். எல்லாக் கட்டமும் பென்சில்ல நிரப்பியிருந்தான், பேர் கட்டம் மட்டும் காலி. தன் பேரை ஆங்கிலத்துல எழுதி, பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் பாத்தான்.

"நிவாக். நல்லா இருக்கா மாமா?"