ஊதாக் கதிரின் இரு வாரிசுகள்

2002 பிப்ரவரி 19 அன்று சோனி, மட்சுஷிட்டா, பிலிப்ஸ், பயோனியர், சாம்சங் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் ஒரு புதிய ஒளித்தகட்டைக் கூட்டாக அறிவித்தன. அதற்கு ப்ளூ-ரே என்று பெயரிட்டார்கள். நீலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். பொதுச்சொல்லை வணிகமுத்திரையாகப் பதிவு செய்ய இயலாது என்பதே காரணம். சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, 2008 பிப்ரவரி 19 அன்று, தோஷிபாவின் தலைவர் அட்சுடோஷி நிஷிடா செய்தியாளர்களை அழைத்து, தம் நிறுவனம் முன்னின்று வளர்த்த எச்.டி. டி.வி.டி. என்னும் போட்டித் தகட்டைக் கைவிடுவதாக அறிவித்தார். தேதி ஒன்றானது தற்செயலே. ஆயினும் ஒரு போரின் பிறப்பும் முடிவும் நாள்காட்டியில் இப்படி ஒரே கட்டத்தில் வந்து விழுவது அரிது.

இப்போரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1970களின் பீட்டாமேக்ஸ் - வி.எச்.எஸ். போட்டியை இழுத்து வருவது வழக்கம். அன்று தோற்ற சோனி இன்று பழிதீர்த்தது என்று கதையை முடித்துவிடலாம். கேட்கவும் சுவையாக இருக்கும். என் பார்வையில் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டியது அதுவன்று, பலரும் மறந்துவிட்ட 1995ஆம் ஆண்டின் இன்னொரு சச்சரவு.

டி.வி.டி. பிறப்பதற்கு முன் இரண்டு தகடுகள் களத்தில் நின்றன. சோனியும் பிலிப்ஸும் 3.7 கிகாபைட் கொள்ளளவுள்ள ஒன்றை முன்வைத்தன. தோஷிபாவும் டைம் வார்னரும், 0.6 மில்லிமீட்டர் கனமுள்ள இரு தகடுகளை முதுகோடு முதுகு ஒட்டிய இன்னொன்றை முன்வைத்தன. இருதரப்பும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்போது ஐ.பி.எம். முதலான கணினி நிறுவனங்கள் ஒன்றுகூடி, ஒரே தகடாக வந்தால்தான் ஏற்போம், இரண்டாக வந்தால் இரண்டையும் தொடமாட்டோம் என்று நின்றன. 1995 செப்டம்பரில் சமரசம் ஏற்பட்டது. தகட்டின் உடல் தோஷிபாவினுடையது. அதில் தரவைப் பொறிக்கும் குறிமுறை பிலிப்ஸினுடையது. கொள்ளளவு 4.7 கிகாபைட். அடுத்த ஆண்டு நவம்பரில் ஜப்பானில் அது விற்பனைக்கு வந்தது. அதன் பிறகு நடந்ததை நாம் அறிவோம்.

பத்தாண்டு கழித்து அதே இரு அணிகள் மீண்டும் எதிரெதிர் நின்றபோது அத்தகைய நடுவர் எவரும் இல்லை. டெல்லும் ஆப்பிளும் ப்ளூ-ரே பக்கம் சேர்ந்தன. மைக்ரோசாஃப்டும் இன்டெலும் 2005 செப்டம்பரில் எச்.டி. டி.வி.டி.யை ஆதரித்தன. அத்தகட்டில் படத்தோடு ஊடாடும் நிரல்முறை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது. எதிரணித் தகட்டில் இருந்தது ஜாவா. பஞ்சாயத்து பேசவேண்டியவர்களே வழக்கில் கட்சிக்காரர்களாகிவிட்ட பின் தீர்ப்புச் சொல்ல யார் இருக்கிறார்கள்? 2005இல் நடந்த சமரசப் பேச்சு முறிந்துபோனதில் வியப்பில்லை.

முறிவின் மையத்தில் இருந்தது அரை மில்லிமீட்டர். குறுந்தகட்டைப் படிக்கும் ஒளிக்கதிரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டி.வி.டி.க்கு 650. நீலமும் ஊதாவும் கலந்த புதிய கதிருக்கு 405. அலைநீளம் குறையக் குறையக் கதிரின் முனை கூர்மையாகும், எழுத்தைச் சிறிதாக்கலாம், அதே பரப்பில் கூடுதலாக எழுதலாம். இதுவரை இருதரப்புக்கும் பொது. தோஷிபா, டி.வி.டி.யில் உள்ளதுபோலவே தரவுப் படலத்தை 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் வைத்தது. அதனால் இருக்கும் தொழிற்சாலைகளைச் சிறிது மாற்றியமைத்தே அச்சிட முடிந்தது. ஓர் அடுக்கில் 15 கிகாபைட் கிடைத்தது. சோனியின் அணி படலத்தை மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தது. வில்லை நெருங்கியது, கதிர் மேலும் கூர்மையாயிற்று, கொள்ளளவு 25 கிகாபைட் ஆயிற்று. ஆனால் நகக்கீறல்கூடத் தரவை எட்டிவிடும் என்ற அச்சம் எழுந்தது. 2003இல் ஜப்பானில் வந்த முதல் ப்ளூ-ரே பதிவுக்கருவியின் தகடுகள் நெகிழி உறைக்குள் அடைத்தே விற்கப்பட்டன. டி.டி.கே. நிறுவனம் கீறல் விழாத கடினப்பூச்சு ஒன்றை உருவாக்கிய பிறகுதான் அத்தகடு உறையை உதறிவிட்டு வெளியே வந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. இரு படைகளுக்கும் ஆயுதமான அந்த ஊதாக் கதிரைச் சாத்தியமாக்கியவர்களில் முதன்மையானவர் ஷூஜி நாகமுரா. ஜப்பானின் டோகுஷிமா மாவட்டத்தில் நிச்சியா என்னும், அன்று பெரிதும் அறியப்படாத வேதிப்பொருள் நிறுவனத்தில் பணியாற்றியவர். நீல ஒளியுமிழியைக் கண்டதற்கு அவருக்குக் கிடைத்த வெகுமதி 20,000 யென் என்பார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அவருக்கு 2,000 கோடி யென் வழங்கத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்குச் சமரசமாயிற்று. 2014இல் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரு வாரிசுகளின் சொத்துச்சண்டையில் சொத்தைத் தேடித்தந்தவரின் பெயர் எங்கும் அடிபடவில்லை.

2006 ஏப்ரலில் தோஷிபாவின் இயக்கி அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. இரண்டு மாதம் கழித்து வந்த சாம்சங்கின் ப்ளூ-ரே இயக்கியின் விலை 999 டாலர். விலையில் தோஷிபாவே முந்தியது. ஆனால் அந்த நவம்பரில் சோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவிக்குள் ப்ளூ-ரேயை வைத்து விற்றது. விளையாட வாங்கிய இலட்சக்கணக்கானோர் அறிந்தோ அறியாமலோ ஓர் அணியில் சேர்ந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்டும் தன் கருவிக்கு எச்.டி. டி.வி.டி. இயக்கியைத் தந்தது, ஆனால் தனியே 199 டாலர் கொடுத்து வாங்கவேண்டும். உள்ளேயே இருப்பதற்கும் வாங்கிச் சேர்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வணிகம் அறிந்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

ஆயினும் போரைத் தீர்த்தவர்கள் வாங்கியவர்கள் அல்லர். 2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் எச்.டி. டி.வி.டி.க்கு மட்டுமே படம் தருவதாக அறிவித்தன. இதற்கு ஈடாக இரண்டுக்கும் 15 கோடி டாலர் அளவுக்குச் சலுகைகள் கிடைத்ததாக நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய படங்களுக்கு மட்டும் அந்த ஒப்பந்தத்தில் விலக்கு. நவம்பரில் வால்மார்ட் தோஷிபாவின் இயக்கியை 100 டாலருக்குக் கீழே விற்றது, மக்கள் வரிசையில் நின்றார்கள். அதாவது தோற்கவிருந்த தரப்பில் கடைசியாகச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் குறைந்த விலைக்காகக் காத்திருந்த எளியவர்களே.

2008 ஜனவரி 4. இரண்டு வடிவங்களிலும் படம் வெளியிட்டுவந்த வார்னர் இனி ப்ளூ-ரே மட்டுமே என்றது. லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சிக்குச் சில நாட்களே இருந்தன, எச்.டி. டி.வி.டி. அணி அங்கே நடத்தவிருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்துசெய்தது. பிப்ரவரி 11இல் நெட்ஃபிளிக்ஸும் பெஸ்ட் பையும், 15இல் வால்மார்ட்டும் கைகழுவின. 1995இல் தோஷிபாவோடு தோளோடு தோள் நின்ற வார்னர்தான் கடைசி அடியையும் கொடுத்தது என்பதை வரலாற்று மாணவர்கள் கவனிக்கவேண்டும்.

நம் ஊர்களில் இந்தப் போரின் ஓசை கேட்கவில்லை. ஒரு படத்தை இரண்டு தகடுகளில் வெட்டித்தந்த வி.சி.டி.யே நம் கடைவீதிகளை ஆண்ட காலம் அது. 2004இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருட்டு வி.சி.டி.க்காரர்கள்மீதும் நீட்டியிருந்தது. ஆனால் முடிவு நம்மையும் தொட்டது. தோற்ற தகட்டில் வட்டாரப் பூட்டு கிடையாது. உலகில் எங்கு வாங்கியதும் எங்கும் ஓடும். வென்ற தகடு உலகை மூன்று வட்டாரங்களாக வகுத்தது. இந்தியா மூன்றாவதில், மலேசியாவும் சிங்கப்பூரும் கனடாவும் முதலாவதில், இலண்டனும் பாரிசும் இரண்டாவதில். பூட்டிய தகடாயின், டொராண்டோவில் வாங்கியதைச் சென்னையில் போட்டுப் பார்க்க இயலாது. எல்லாத் தகட்டிலும் பூட்டு மாட்டப்படவில்லை என்பது வேறு. படைப்பைவிட ஏடு முக்கியமாகிவிடும் இடம் இது.

ப்ளூ-ரே வென்றது, டி.வி.டி. எட்டிய பரப்பை அது ஒருபோதும் எட்டவில்லை. போர் உச்சத்தில் இருந்த 2007 ஜனவரியில்தான் நெட்ஃபிளிக்ஸ் இணையவழியே படம் காட்டத் தொடங்கியிருந்தது. அந்த நிறுவனமே 2023 செப்டம்பரில் அஞ்சலில் தகடு அனுப்புவதை நிறுத்தியது. சோனி தன் பதிவுசெய்யும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை 2025 பிப்ரவரியில் முடித்துக்கொண்டது. நிஷிடா 2015இல் கணக்குமுறைகேட்டு விவகாரத்தில் பதவி விலகி, 2017இல் மறைந்தார். தோஷிபா 2023 டிசம்பரில் டோக்கியோ பங்குச்சந்தையிலிருந்து வெளியேறியது.

எச்.டி. டி.வி.டி. தகடுகள் இன்னும் சேகரிப்பாளர்களிடம் உள்ளன. அவற்றில் வார்னர் வெளியிட்ட பல, கீறலேதும் இல்லாமலே, படிக்க முடியாமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஒட்டிய இரு தகடுகளுக்கு இடையிலுள்ள படலம் சிதைகிறது என்கிறார்கள். சிலர் பழைய இயக்கிகளைத் தேடிப்பிடித்து, ஊதாக் கதிர் அணைந்துபோவதற்குள் தகடு தகடாகப் படியெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.