சுழலும் பின்னணி

மாஸ்கோவை அடுத்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையில் ஜெனிட் கேமராக்களுக்காக லட்சக்கணக்கில் தயாரானது ஹீலியோஸ் 44 லென்ஸ். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய 58 மி.மீ. பயோட்டாரே அதன் மூலம்.

ஃபிலிம் ஒதுங்கியதும் பரணுக்குப் போன அந்த லென்ஸுக்கு 2008இல் வழி திறந்தது. அந்த ஆண்டு வந்த பானசோனிக் ஜி1 கேமராவின் உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடி இல்லை. அதனால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரம் சுருங்கியது. ஹீலியோஸ் போன்ற பழைய எம்42 திருகு லென்ஸுக்கு 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும், பின்னர் வந்த சோனியின் இ-மவுண்ட்டில் இருப்பதோ 18 மி.மீ. மிச்சத்தை ஓர் உலோக வளையம் நிரப்பிவிடுகிறது.

ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஆனால் துவாரத்தை முழுதாகத் திறந்து, இலைகள் அடர்ந்த மரத்தின் முன் ஒரு முகத்தைப் படமெடுத்தால், பின்னணி நீர்ச்சுழல்போல வளைந்து நிற்கும். ஒளியியல் கணக்கில் குறையான அந்தச் சுழலுக்காகவே இன்று ஹீலியோஸைத் தேடி வாங்குகிறார்கள்.