வால்டாக்ஸ்: ஒரு வரியின் முகவரி

சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி வடக்கே போகிறது வால்டாக்ஸ் ரோடு. வ.உ.சி. சாலை என்று பெயர் மாற்றியும் ஆட்டோக்காரர்கள் வாயில் பழைய பெயர்தான். தமிழ்க் காதுக்கு வால் கேட்கிறது. ஆங்கிலத்தில் அது மதில். ஆக, மதில் வரி. அதை யார் கட்டினார்கள், எவ்வளவு கட்டினார்கள்? இந்தக் கேள்வியோடு எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் படியேறினேன்.

மதில் சுலபமாக அகப்பட்டது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட வந்தபோது, கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம் கதவில்லாத வீடாகக் கிடந்தது. அவர் படை நேரே உள்ளே புகுந்தது. 1769-இல் ஹைதர் அலி சென்னையின் வாசல்வரை வந்து போனார். இந்தப் பயங்களின் நடுவே எழுந்ததுதான் வடக்கிலும் மேற்கிலும் ஊரை வளைத்த மதில். கட்டியவர் ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்ட். ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பேர் கெட்டவரும் அவரே. மிஞ்சிய மதில் துண்டின்மேல் பழைய ஜெயில் சாலையில் மாடிப் பூங்கா இருக்கிறது.

வரிதான் கைக்குச் சிக்கவில்லை. காவல் யாருக்கோ அவர்களே செலவையும் ஏற்கட்டும் என்று ஊரை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனி நினைத்தது. ஆனால் அந்த வரி வசூலிக்கப்படவே இல்லை என்கிறார் சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையா. பணம் வராமல் பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஊராரிடம் மதிலுக்குப் பணம் கேட்க இவ்வளவு தயக்கம் ஏன்? விடைக்காக இன்னும் எண்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டியிருந்தது.

1686-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் பிடி கிடைத்தது. கறுப்பர் நகரத்தின் காவலுக்காக வீட்டு வரி விதிக்கப்பட்டதும் கடைகள் மூடின, வேலைகள் நின்றன. வரி கொடுக்காவிட்டால் வீடு இடிபடும் என்று மிரட்டல் வந்தது.

அடுத்த ஆண்டு லண்டனிலிருந்து வந்த கடிதத்தில்தான் முடிச்சு அவிழ்ந்தது. கம்பெனியின் மேலிடத்தில் கோலோச்சிய ஜோசையா சைல்டின் யோசனை இது: கம்பெனி அதிகாரத்தால் விதிக்கும் ஆறு பென்ஸைவிட, தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்ளும் ஐந்து ஷில்லிங்கை மக்கள் மனமுவந்து கொடுப்பார்கள். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ்; பத்து மடங்கு. வணிகர் மூளை!

அந்தக் கணக்கில் பிறந்ததுதான் சென்னை மாநகராட்சி. 1687 டிசம்பர் 30-ஆம் தேதியிட்ட சாசனம். 1688 செப்டம்பர் 29-இல் தொடக்கம். ஒரு மேயர், உறுப்பினர்களாக 12 ஆல்டர்மேன்கள், 60 பர்கெஸ்கள். ஆல்டர்மேன்களில் ஒருவர் தங்கசாலைத் தெரு ஏகாம்பரேசுவரர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் ஆலங்காத்தா பிள்ளை. வரி விதித்து நகர மண்டபம், பள்ளிக்கூடம், சிறை எல்லாம் கட்டிக்கொள்ளலாம் என்றது சாசனம். மக்களோ வரியை எதிர்த்தார்கள். திட்டங்கள் ஏட்டோடு நின்றன.

சைல்டின் கணக்கு தப்பியது எங்கே? சாசனத்தை மறுபடி புரட்டியபோது கண்ணில் பட்டது: முதல் மேயரும் ஆல்டர்மேன்களும் அதிலேயே பெயர் குறிக்கப்பட்டவர்கள். ஊர் தேர்ந்தெடுத்தவர் அவர்களில் யாருமில்லை. ‘நீங்களே விதித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, அந்த ‘நீங்கள்’ யார் என்பதைக் கம்பெனியே முடிவு செய்தது. ஊருக்கு அது புரிந்திருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

இதைப் பழங்கதை என்று மூடிவைக்க முடியாது. 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை அதே மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை. சொத்து வரி மட்டும் தவறாமல் வசூலானது.